கை நனைக்காமல் பார்த்து வந்த ஊர்

1. காது இல்லாத கப்புகள்

நான் காது ஒட்டுகிறவள். யாருக்கோ என்று பயந்துவிடாதீர்கள், டீக் கப்புக்கு.

விருத்தாசலத்தில் பீங்கான் வேலைக்குப் போனவர்களுக்கு இது தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மோல்டிலிருந்து வெளியே வரும்போது கப் வெறும் குவளைதான். காது தனி மோல்டில் வரும். இரண்டும் ஒரே ஈரத்தில் இருக்கும்போது, கூழ் மாதிரிக் கரைத்த மண்ணைக் காதின் இரு முனையிலும் தொட்டு வைத்து ஒட்ட வேண்டும். அந்தக் கூழுக்கு ஸ்லிப் என்று பெயர். பிறகு ஈரப் பஞ்சால் ஒரு துடைப்பு. ஈரம் தப்பிவிட்டால் காது ஒட்டாது. வம்புக்கு ஒட்டி அனுப்பினாலும் சூளைக்குள் போய்க் கழன்று விழும்.

எங்கள் செக்‌ஷனில் எட்டுப் பேர். எல்லோரும் பெண்கள். மூத்தவள் என்பதால் என்னை மேட் என்பார்கள். மேட்டுக்கு மற்றவர்களைவிட அதிகமாகக் கிடைத்தது திட்டு மட்டும்தான்.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஒருநாள் காலையில் முதலாளி செக்‌ஷனுக்குள் வந்தார். அவர் எங்கள் பக்கம் வந்தால் ஒன்று ஆயுத பூஜையாக இருக்கும், இல்லையென்றால் ஏதாவது வில்லங்கமாக இருக்கும். அன்று ஆயுத பூஜை இல்லை.

"எல்லாரும் கேட்டுக்கங்க. ராஜஸ்தான்ல பீகானிர்னு ஒரு ஊரு. நல்ல வெள்ள மண்ணு அங்க மலையா கெடக்குது. ஒரு சேட்டோட கூட்டு சேந்து கப்பு லைன அங்க மாத்துறேன். காது ஒட்ட அங்க ஆளு கெடையாது. நீங்க எட்டு பேரும் குடும்பத்தோட கெளம்பணும். அடுத்த மாசம்."

"அது எங்கங்க இருக்குது?" என்று ஆரோக்கியமேரி கேட்டாள். அவள் என் பக்கத்து ஸ்டூல்காரி. பயந்தவள் மாதிரி இருப்பாள், ஆனால் கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுவாள்.

"டெல்லிக்கு அந்தாண்ட. பாலைவனம். நல்ல ஊரு."

பாலைவனத்தையும் நல்ல ஊரையும் ஒரே மூச்சில் சேர்த்துச் சொன்ன மனிதரை நான் அன்றுதான் பார்த்தேன்.

"வரலன்னா என்னாங்க ஆவும்?" என்றேன்.

"வரலன்னா இங்க காது ஒட்டுற வேல இல்ல. இனிமே இங்க கரண்டு கம்பத்துல வெக்கிற இன்சுலேட்டர் மட்டுந்தான். அதுக்கு எதுக்கு காது?"

எட்டு வீட்டில் அடுப்பு எரிவது அந்த வேலையால். என் வீட்டுக்காரர் பெண்ணாடம் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றும் டிராக்டர் ஓட்டினார். அரவை இருக்கும் வரைக்கும் வேலை இருக்கும், அரவை முடிந்தால் வீட்டில் படுத்துக் கிடப்பார். இரண்டு பெண் பிள்ளைகள். இதெல்லாம் முதலாளிக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் பேசினார்.

"ஊர பாத்துட்டு சொல்றோங்க" என்றேன்.

அவர் சிரித்தார். "இது என்னா பொண்ணு குடுக்குற சம்பந்தமா, வூடு பாக்கப் போறதுக்கு?"

"ஆமாங்க. எட்டு வூட்டு பொம்பளைங்கள, புள்ளகுட்டிங்களோட ஒரு ஊருக்கு அனுப்புறீங்க. சம்பந்தந்தான். பாக்காம எப்பிடி?"

"அதெல்லாம் முடியாது. வேலைய பாருங்க."

நாங்கள் வேலையைப் பார்க்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தோம். ஸ்டிரைக் என்ற வார்த்தையை யாரும் சொல்லவில்லை. பலகை பலகையாகக் கப்புகள் காதுக்குக் காத்துக்கொண்டிருந்தன. சித்திரை மாதத்து அனல் காற்று வாசல் வழியாக வந்து அவற்றைத் தடவிக்கொண்டே இருந்தது.

"என்னா பண்றீங்க?"

"யோசிக்கிறோங்க. குடும்பத்தோட போற விஷயமில்ல?"

ஈரக் கப்பு சாம்பல் நிறமாக இருக்கும். காயக் காய வெளுக்கும். முன்வரிசைக் கப்புகள் விளிம்பில் வெளுக்க ஆரம்பித்தன. முதலாளி ஒரு கப்பைத் தொட்டுப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். இன்னொரு கப்பைத் தொட்டார்.  நாங்கள் கையை அவிழ்க்கவில்லை.

"ரெண்டு பேரு" என்றார் கடைசியில். "ரெண்டே பேரு போயி பாத்துட்டு வாங்க. சூப்பர்வைசர் கூட வருவாரு. மொதல்ல காத ஒட்டுங்கடி!"

பஞ்சை எடுத்தோம். முன்வரிசை போய்விட்டது. மீதியைக் காப்பாற்றிக் கொடுத்தோம்.

2. புளிச்சோறு

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை வீடு பார்க்கப் போகிறவர்கள் அந்த வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். சம்பந்தம் முடிவாகும் வரை ஒரு வாய் சோறு கிடையாது, கெட்டியான ஆட்களாக இருந்தால் ஒரு வாய் தண்ணீரும் கிடையாது. கை நனைத்துவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். அப்புறம் அது நொட்டை, இது நொள்ளை என்று பேச முடியாது. எங்கள் தெருவிலும் அப்படித்தான், மேரியின் மாதா கோயில் தெருவிலும் அப்படித்தான்.

செக்‌ஷன் பெண்கள் போகப்போகிற என்னிடமும் மேரியிடமும் வாக்கு வாங்கிக்கொண்டார்கள். "அக்கா, அந்த சேட்டு வூட்டுல கை நனைச்சிடாதீங்க. நனைச்சீங்கன்னா எங்க எல்லாருக்கும் சேத்து சரின்னு சொன்ன மாதிரி ஆயிடும்."

என் வீட்டுக்காரர் இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "எங்க வூட்ட பாக்க உங்காளுங்க வந்தப்ப எங்கம்மா ஒரு கூட வட சுட்டு வெச்சிது. ஒருத்தரும் தொடல. அத்தனையும் நாந்தான் தின்னேன். அதுல வந்த வயித்துவலியோடதான் உன்ன கட்டிக்கிட்டேன்." பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "போயி நல்லா பாத்துட்டு வா, கொளஞ்சி. நீ வேணாம்னா வேணாம். கரும்பு வெட்டியாவது காலத்த ஓட்டிக்கலாம்." அந்த ஒரு பேச்சுக்காக அவருடைய மற்ற எல்லாப் பேச்சையும் மன்னித்திருக்கிறேன்.

நல்லெண்ணெய் தூக்கலாக ஊற்றிப் புளிச்சோறு கிளறினேன். பொரிமாவு இடித்தேன். மேரி ஒரு டின் முறுக்கு கொண்டுவந்தாள். ஆளுக்கொரு கூஜா. விருத்தாசலம் ஜங்ஷனில் ஏறி மதராஸ், மதராஸிலிருந்து டெல்லி, டெல்லியிலிருந்து மறுபடியும் சின்ன ரயில். அந்தச் சின்ன ரயிலில் ஜன்னலை மூடினாலும் மணல் உள்ளே வந்தது. தலையில் மணல், காதில் மணல், புளிச்சோற்றிலும் மணல். மண்ணில் வேலை செய்கிறவர்கள் என்பதால் நாங்கள் அதிகம் அலட்டிக்கொள்ளவில்லை.

கூட வந்த சூப்பர்வைசர் தங்கராசு அண்ணன் மிலிட்டரியில் இருந்தவர். இந்தி பேசுவார். நல்லவர்தான், ஆனால் முதலாளி ஏதாவது சொன்னால் அவருடைய முதுகு தானாகக் குனிந்துகொள்ளும். எங்களுக்கு நல்ல சாப்பாடு வாங்கிக் கொடுத்துச் சம்மதம் வாங்கிவரச் சொல்லி அவரை அனுப்பியிருந்தார்கள். வழியெல்லாம் அவர் பூரி வாங்கி நீட்டுவதும், நாங்கள் புளிச்சோற்றுச் சட்டியைத் திறப்பதுமாகப் போனது.

3. லோட்டாத் தண்ணீர்

பீகானிரில் சேட்டு வீடு சிவப்புக் கல்லில் கட்டியது. கல்லிலேயே பூ வேலை. தெருவில் ஒட்டகம் வண்டி இழுத்துக்கொண்டு போனது. வண்டிக்கு லாரி டயர் போட்டிருந்தார்கள். மேரி ஒட்டகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அதுவும் அவளையே பார்த்தது.

உள்ளே போனதும் சேட்டம்மா வந்தார். முகம் வரை முக்காடு. கையில் பளபளவென்று துலக்கிய பித்தளை லோட்டா, அதில் தண்ணீர். எங்களுக்குத்தான்.

வெயிலில் வந்தவர்கள். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. நான் இரண்டு கையையும் கூப்பி, வேண்டாம் என்று தலையாட்டினேன். மேரி என்னைப் பார்த்தாள், தண்ணீரைப் பார்த்தாள், பிறகு அவளும் தலையாட்டினாள்.

சேட்டம்மா கை அப்படியே நின்றது. திண்டில் சாய்ந்திருந்த சேட்டு எழுந்து உட்கார்ந்தார். ஏதோ சத்தமாகக் கேட்டார். தங்கராசு அண்ணனுக்கு வியர்த்துவிட்டது.

"தண்ணிய வாங்குங்கம்மா! இந்த ஊருல வூட்டுக்கு வந்தவங்க தண்ணி வேணாம்னா, உன்னோட எனக்கு பகைன்னு சொல்ற மாதிரி!"

"நீங்க என்னா சொன்னீங்க அவருகிட்ட?"

"வெரதம்னு சொல்லியிருக்கேன். ரெண்டு பேருக்கும்."

"நான் எந்த வெரதமும் இல்லண்ணே. இவளுக்கு இந்த மாசத்துல வெரதமே கெடையாது. உள்ளத உள்ளபடி சொல்லுங்க. நாங்க வூடு பாக்க வந்திருக்கோம், முடிவாகாம கை நனைக்க மாட்டோம்னு சொல்லுங்க."

"வேல போயிடும்."

"போறது எங்க வேலதான?"

அவர் சொன்னார். எச்சிலை விழுங்கி விழுங்கிச் சொன்னார். சேட்டு முகம் இன்னும் சிவந்தது. ஆனால் சேட்டம்மா முக்காட்டைக் கொஞ்சம் தூக்கி என்னை நேராகப் பார்த்தார். என் வயதுதான் இருக்கும் அவருக்கு. சிரித்துக்கொண்டு என்னிடமே பேச ஆரம்பித்தார், வெளி ஆம்பளையிடம் பேசக் கூடாதாம். தங்கராசு அண்ணன் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு எங்கள் இருவருக்கும் மொழிபெயர்த்தார்.

"இந்தம்மா என்னா சொல்லுதுன்னா, இவங்கள கட்டிக் குடுத்தப்பறம் இவங்க அப்பா இந்த வூட்டுல ஒரு சொட்டு தண்ணி குடிச்சதில்லையாம். பொண்ணு குடுத்த ஊருல பெத்தவங்க தண்ணி குடிக்க மாட்டாங்களாம். தோல்பையில ஊருலேருந்தே தண்ணி கொண்டாந்து, வாசல்ல ஒக்காந்து குடிச்சிட்டு போவாராம். நீங்களும் பொண்ணு குடுக்க வந்தவங்கதான்னு சொல்லுது."

 எங்கேயோ பிறந்த பெண், என் பேச்சு ஒரு வார்த்தை புரியாது, ஆனால் நான் எதற்கு வந்தேன் என்று சட்டென்று புரிந்துகொண்டாள்.

சேட்டம்மா லோட்டாவை மாடத்தில் வைத்தார். வீடு பார்க்க வந்தவர்களுக்கு முன்கூடத்தை மட்டும் காட்டி அனுப்புவது முறையில்லை, நானே கூட்டிப்போகிறேன் என்றார். சேட்டு ஏதோ சொல்லித் தடுத்தார். சேட்டம்மா காதில் வாங்கிக்கொள்ளவே இல்லை.

4. பூட்டு

புது பேக்டரி ஊருக்கு வெளியே இருந்தது. ஷெட்டைக் குறை சொல்ல முடியாது. உயரமான கூரை, காற்றோட்டம். மண் ஊறவைக்கும் தொட்டியில் தண்ணீர் தளும்பி நின்றது. பின்னால் எங்களுக்கென்று எட்டு அறைகள் வரிசையாகக் கட்டியிருந்தார்கள்.

"குடிக்கிற தண்ணி?" என்றேன்.

சேட்டம்மா ஓரமாக ஒரு இடத்தைக் காட்டினார். தரைக்குள் இறக்கிக் கட்டிய தொட்டி. மேலே சட்டியைக் கவிழ்த்த மாதிரி சுண்ணாம்பு மூடி. அதில் ஒரு சின்ன இரும்புக் கதவு. கதவில் பூட்டு.

தண்ணீருக்குப் பூட்டு போட்டு நான் பார்த்ததில்லை. எங்கள் மணிமுத்தாறு வருஷத்தில் பாதி மணலாகத்தான் கிடக்கும், ஆனாலும் ஊற்றுத் தோண்டினால் யார் வேண்டுமானாலும் மொண்டுகொள்ளலாம்.

தொட்டிக்குப் பக்கத்தில் பெண்கள் குடங்களோடு வெயிலில் உட்கார்ந்திருந்தார்கள். அந்த வெள்ளை மண்ணை வெட்டியெடுக்கும் குவாரிக்காரர் வீட்டுப் பெண்கள். சாவி வாட்ச்மேனிடம் இருக்குமாம். காலையில் ஒருதரம் திறப்பானாம்.

"இன்னிக்கு தெறக்கலையா?"

சேட்டம்மா கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார். தங்கராசு அண்ணன் அதை மொழிபெயர்க்கத் தயங்கினார். நான் விடவில்லை.

"குவாரி ஆம்பளைங்க நேத்து ஏதோ எதுத்து பேசிட்டாங்களாம். அதனால சாயந்தரந்தான் தெறப்பாங்களாம்."

மண் ஊறும் தொட்டியில் தண்ணீர் தளும்புகிறது. மனுஷி குடத்தோடு உட்கார்ந்திருக்கிறாள். எனக்கு வந்த கோபத்தை என்ன செய்வதென்று தெரியவில்லை. அன்று நாங்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தோமே, அதையே இங்கே செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். என் இரண்டு பிள்ளைகளும் அந்த வரிசையில் குடத்தோடு உட்கார்ந்திருக்கும்.

சேட்டம்மா தன் இடுப்பில் தொங்கிய சாவிக்கொத்தைத் தொட்டுக் காட்டி ஏதோ சொன்னார். அது அவர் வீட்டுத் தொட்டியின் சாவியாம். தங்கராசு அண்ணன் அவர் பேச்சை அப்படியே தமிழில் சொன்னார். "என் மாமியா சாகுற வரைக்கும் இது அவங்க இடுப்புல இருந்திச்சி. இங்க தண்ணி சாவி யாரு இடுப்புல இருக்குதோ அவங்கதான் மாமியா."

அதற்கு மேல் எனக்குப் பார்க்க ஒன்றுமில்லை.

கூஜா இரண்டும் காலியாகியிருந்தன. சேட்டு வீட்டில் சோறு தயாராக இருக்கிறது என்று தங்கராசு அண்ணன் கெஞ்சினார். மேரி முறுக்கைக் கடிக்க முடியாமல் வாயில் வைத்துக்கொண்டிருந்தாள். "அக்கா, ஒரே ஒரு மடக்கு" என்றாள். "ஸ்டேஷன்ல குடிச்சிக்கலாம். அது சர்க்காரு தண்ணி, சேட்டு தண்ணி இல்ல" என்றேன். ஸ்டேஷன் குழாயில் வாய் வைத்து, இரண்டு பேரும் மூச்சு வாங்க வாங்கக் குடித்தோம். உப்புக் கரித்தது. அவ்வளவு ருசியாக ஒரு தண்ணீர் குடித்ததில்லை.

5. ஆபீஸைக் குடிக்க முடியாது

திரும்பி வந்ததும் முதலாளி கூப்பிட்டார். "பாத்தாச்சில்ல? எப்ப கெளம்புறீங்க?"

"ஊரு நல்ல ஊருதாங்க. அந்தம்மா தங்கமான மனுஷி. தண்ணி தொட்டி சாவி எங்க கையில இருக்கணும். அவ்வளவுதான்."

"சாவியா? வேலைக்காரிங்க கையிலயா? நாளைக்கு ஆபீஸ் சாவியும் கேப்ப."

"ஆபீஸ் சாவி வேணாங்க. தாகம் எடுத்தா ஆபீஸ குடிக்க முடியாது."

தங்கராசு அண்ணன் இருமுவது போல முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

முதலாளி கத்தவில்லை. குரலை இறக்கிக்கொண்டு, எனக்கு மட்டும் தனி அறை, எனக்கு மட்டும் தினம் பானை நிரப்பி வைக்க ஆள் என்றார். கத்தியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது. "மத்த ஏழு பேரும் நான் தண்ணி குடிக்கிறத பாத்துக்கிட்டு இருப்பாங்களா?" என்று கேட்டுவிட்டு வெளியே வந்தேன். மறுநாள் எனக்கு வேலை இல்லை. மேரிக்கும் இல்லை. என் வீட்டுக்காரர் சொன்ன மாதிரியே பெண்ணாடம் பக்கம் கரும்பு வெட்டப் போனேன். காது ஒட்டிய கை, கரும்புச் சோகை கிழித்துக் கிழித்து ரத்தமாகிவிட்டது. வலித்தது. அழுதேன். ஆனால் அந்த ஆபீஸ் படியை மிதிக்கவில்லை.

முதலாளி மற்ற ஆறு பேரையும் கேட்டுப் பார்த்தார். ஒருத்தியும் அசையவில்லை. நல்லூர்ப் பக்கம், சேத்தியாத்தோப்புப் பக்கம் ஆள் விட்டுப் புதுப் பெண்களைத் தேடினார். எங்கள் கதை அந்த ஆளுக்கு முன்னால் பஸ் ஏறிப் போயிருந்தது. போன ஆளிடம் அவர்கள் சம்பளத்தைக் கேட்கவில்லை, "சாவி யாரு கையிலங்க?" என்றுதான் கேட்டார்களாம். அங்கே சேட்டு அவசரப்பட்டார். ஷெட் சும்மா கிடந்தது.

கரும்புத் தோட்டத்து வரப்பில் ஒருநாள் தங்கராசு அண்ணன் வந்து நின்றார். "ஒத்துக்கிட்டாரும்மா. சாவி உங்க கையிலயே இருக்கட்டுமாம்." ஒரு சாவியை நீட்டினார்.

"பூட்டு வாங்குனா ரெண்டு சாவி வருமே அண்ணே. இன்னொன்னு எங்க?"

அவர் கையிலிருந்த சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இத அவருகிட்டயே குடுத்துடுங்க. பூட்டு நானே கொண்டாரேன்."

6. கை நனைத்தது

இளையவர்களுக்கு நான் சொல்ல வேண்டிய பாடத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன், கடைசியில் வைத்தால் யாரும் படிப்பதில்லை. எங்கள் தெருப் பிள்ளைகள் இப்போது துபாய், தோஹா என்று போகிறார்கள். ரூம் போட்டோவைப் போனில் காட்டுகிறார்கள். ஏசி இருக்கிறது, டிவி இருக்கிறது. "தண்ணி எங்கடா இருக்குது, சாவி யாரு கையில?" என்று கேட்டால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். முடிந்தால் போய்ப் பாருங்கள், முடியாவிட்டால் போய் வந்தவனைப் பிடித்து உலுக்கிக் கேளுங்கள். கேட்கிறவர்களைப் பார்த்து முதலாளிகள் கேலி செய்வார்கள். கேலியால் யாரும் செத்ததில்லை.

எட்டுக் குடும்பமும் கிளம்பினோம், தங்கராசு அண்ணனும் கூட வந்தார். விருத்தாசலம் கடைவீதியில் இருந்ததிலேயே பெரிய பூட்டாக வாங்கியிருந்தேன். கடைக்காரர் "என்னாம்மா, நகைக்கடை வெக்கப் போறீங்களா?" என்று கேட்டார்.

பீகானிரில் இறங்கியதும் அறைக்குக்கூடப் போகவில்லை. நேராகத் தொட்டிக்குப் போனேன். வாட்ச்மேன் முணுமுணுத்துக்கொண்டே பழைய பூட்டைக் கழற்றினான். சேட்டம்மா முக்காட்டோடு வந்து நின்றிருந்தார். என் பூட்டை வளையத்தில் மாட்டினேன். ஒரு சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு இன்னொன்றை மேரியிடம் கொடுத்தேன். இரண்டையும் நானே வைத்துக்கொண்டால் நானும் மாமியார் ஆகிவிடுவேன்.

கதவைத் திறந்தேன். குவாரிப் பெண்கள் அன்றும் குடத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். வாங்க என்று கையாட்டினேன். வாட்ச்மேன் குறுக்கே வந்து ஏதோ கத்தினான். பேச்சில் இவர்கள் இல்லை, உங்கள் எட்டுப் பேருக்கு மட்டும்தான் என்கிறான் என்றார் தங்கராசு அண்ணன்.

"பூட்டு யாரோடதுன்னு கேளுங்கண்ணே."

அவர் கேட்டார். இந்தத் தடவை எச்சில் விழுங்காமல், மிலிட்டரிக் குரலில் கேட்டார். வாட்ச்மேன் பூட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், தள்ளி நின்றான்.

அவர்கள் குடங்கள் எல்லாம் நிறைந்தன. பிறகு எங்கள் குடங்கள் நிறைந்தன. சேட்டம்மா அதே பித்தளை லோட்டாவில் மொண்டு என்னிடம் நீட்டினார். நான் வாங்கிக் கை நனைத்தேன்.